எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்

ஜனவரி 1, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கடைக்கு வந்து முதலாளிக்கு ஒரு டைரியும் எனக்கு ஒரு டைரியும் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளிக்கு இருமல் மருந்து டைரி. எனக்கு ‘சுமுகி’ மாத்திரை டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரோஸ் நிறத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கிறது: ‘சுமுகி – உங்கள் நாள் உங்கள் கையில்.’ நாலு வருஷம் அந்தக் கர்ப்பத்தடை மாத்திரையைத் தின்றவளுக்கு நல்ல புத்தாண்டுப் பரிசுதான்.

முதல் பக்கத்தில் ‘சொந்த விவரம்’ கேட்டிருக்கிறார்கள். பெயர்: ஆவுடைச்செல்வி. வயது: முப்பத்தொன்று. ஊர்: சங்கரன்கோவில். தொழில்: மெடிக்கலில் மருந்தாளுநர். கணவர்: சைலப்பன், பஸ் டெப்போ மெக்கானிக். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தை விட்டுவிட்டேன். யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 3, புதன்

நாளை பாளையங்கோட்டையில் லேடி டாக்டரைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். வாயைத் திறந்தால் எனக்குக் குளறும்.

கல்யாணமாகி அஞ்சு வருஷம். முதல் ஆறு மாதத்துக்குள் இவர் கேட்டார். “வடிவு கல்யாணம் முடியட்டும் செல்வி. ஒரு ரெண்டு வருசம் தள்ளிப் போடுவோம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.” வடிவு இவர் தங்கை. நான்தான் மெடிக்கல்காரி ஆயிற்றே, ரேக்கில் கை நீட்டினால் மாத்திரை. ரெண்டு வருஷம் நாலு வருஷம் ஆயிற்று. போன பங்குனியில் வடிவுக்குக் கல்யாணம். சித்திரையில் மாத்திரையை விட்டேன். மூன்றாம் மாதமே மாதவிலக்கு நாள் தப்பாமல் வர ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வராதது வேறொன்று. அது மாத்திரையின் இரண்டாம் வருஷத்திலேயே போனது. விட்டால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அதற்கு என்ன பேர் சொல்வது? கல்யாணமான புதிதில் இவர் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போவேன். அது. இப்போது பைக் வருகிறது, நிற்கிறது, ஸ்டாண்டு போடுகிறார். தோசை ஊற்றலாம் என்று மட்டும் தோன்றுகிறது. பக்கத்தில் வந்தால் எரிச்சல், வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுக்கிறார். “ஒனக்கு என்னைப் பிடிக்கல. நேரா சொல்லிரு, போதும்” என்றார் தீபாவளியன்று.

பிடிக்கும். இந்த ஆளை எனக்கு இன்னும் பிடிக்கும். பிடிக்காமல் போனது நானல்ல, என் உடம்பு. அதை யாராவது படித்தவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அவர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

ஜனவரி 4, வியாழன்

சொதப்பிவிட்டேன்.

தனியாகப் போவதாக இருந்தேன். அத்தை “நானும் வாரேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார். டாக்டர் அறையில் எனக்கு வலது பக்கம் மாமியார், இடது பக்கம் நர்ஸ், கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்த டோக்கன். டாக்டர் தலையைத் தூக்காமல் “என்ன பிரச்சினை?” என்றார். நான் எழுதிப் பார்த்ததெல்லாம் ஆவியாகிவிட்டது.

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றேன். முன்னே இருந்தது எதுவும் இப்போது இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். “ஒண்ணுமே இல்ல.”

டாக்டர் நிமிர்ந்தார். “கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“அஞ்சு” என்றார் அத்தை.

“அஞ்சு வருஷமா ஒண்ணும் இல்லையா? ஏன் இவ்வளவு லேட்டா வர்றீங்க?”

“அதத்தான் டாக்டரம்மா நானும் தலபாடா அடிச்சிக்கிட்டேன்” என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். குழந்தையில்லாதவர்கள் ஃபைல் மஞ்சள் நிறம். என் பேரை எழுதி எடுத்து வைத்துவிட்டார்கள். ஸ்கேன் பண்ணினார்கள், சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி இருக்கிறதாம். வீட்டுக்காரரும் டெஸ்ட்டுக்கு வர வேண்டுமாம்.

பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அஞ்சு வருஷத்தில் முதல் தடவை. அப்படி இருக்கும்போது எப்படிச் சொல்வது?

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்.

வந்தவர்கள் ஒன்பது பேர். “என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லயா?” என்று கேட்டவர்கள் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆளுக்குக் காது கேட்காது.

ஜனவரி 17, புதன்

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அத்தை பத்திரமாக வைத்திருந்தார். மாதவிலக்கு வந்த மூன்றாம் நாள் ஆரம்பிக்க வேண்டும், இருபத்தொரு நாள். இன்று அந்தச் சீட்டை நானே என் கடையில் நீட்டி, நானே வாங்கி, நானே ரேக்கில் கை வைத்தேன்.

சுமுகி.

கட்டி கரைய மூன்று மாதம் இதைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு குழந்தைக்கு மருந்தாம். டாக்டர் மேல் தப்பு சொல்ல முடியாது. கட்டிக்கு இதைக் கொடுப்பது வழக்கம்தான், தினமும் நாலு சீட்டாவது கடைக்கு வரும். நான் நாலு வருஷம் தின்ற கதையை அவரிடம் யார் சொன்னது? கவுன்டரில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி என்னம்மா என்றார். ஒண்ணும் இல்லண்ணாச்சி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அட்டையை வாங்கிக் கோமதியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வெந்நீரோடு என் கையில் கொடுத்தார். “அம்மன நெனச்சிக்கிட்டு முழுங்குட்டி.”

நாக்கடியில் ஒதுக்கிவைத்துப் பின்வாசல் குழாயடியில் துப்பினேன். அம்மனைத்தான் நினைத்துக்கொண்டேன், பொய்யில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இவர் லேபுக்குப் போய் ரத்தமும் மற்றதும் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்.

“ஒரு டப்பாவக் குடுத்துக் கக்கூஸ்க்குள்ள போகச் சொல்லுதான். வெளிய நாலு பேரு. என்னைய இந்த நெலைக்குக் கொண்டாந்துட்டல்லா?”

“நான் எதுக்குப் போனேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“புள்ளைக்குத்தான? அம்ம சொன்னா.”

“புள்ளைக்கு இல்ல. நமக்கு.”

“நமக்கு என்ன? நான் நல்லாத்தான இருக்கேன்” என்று எழுந்துவிட்டார். கை கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஜனவரி 29, திங்கள்

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் சுமுகி பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்தேன். எறும்பு எழுத்து. முதலாளியின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். குமட்டல், தலைவலி, மார்பு வலி எல்லாம் தாண்டி, கீழே, மடிப்பு விழுந்த இடத்தில், ஒரே ஒரு சொல்லாக இருந்தது: லிபிடோ குறைவு. எப்போதாவது வரலாம் என்ற பட்டியலில். விட்ட பிறகு எப்போது திரும்பும் என்று ஒரு வரியும் இல்லை.

லிபிடோ. படிக்கும்போது மூன்று மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன், முழு மார்க். தமிழில் என்ன என்று அகராதியைப் பார்த்தேன். ‘காம இச்சை’ என்று போட்டிருக்கிறது. நல்லாயிருக்கிறது. மாமியாரையும் நர்ஸையும் வைத்துக்கொண்டு “எனக்குக் காம இச்சை இல்லை டாக்டர்” என்று சொல்லியிருக்கலாம். அடுத்த டோக்கன் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள்.

மாத்திரை இதற்குக் காரணமான ஹார்மோனைக் குறைக்கும், அது படித்ததுதான். சிலருக்கு விட்ட பிறகும் குறைந்தே இருக்கலாம் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்று இன்னொரு கட்டுரை. அவர்கள் சண்டை போட்டு முடிக்கட்டும். என் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்துவிடுகிறேன். அத்தை தினமும் கொடுப்பதைத் தினமும் துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளை ஹார்மோன் என்று பேர், ஆனால் பொம்பளைக்கும் கொஞ்சம் வேண்டும்.

ஒரு தாள். அவ்வளவுதான் நான் கேட்பது.

பிப்ரவரி 1, வியாழன்

காலையிலேயே லேபில் ரத்தம் கொடுத்தேன். இவர் கொடுத்த அதே லேப். ரத்தம் எடுக்கிற பையன் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, டெஸ்டோஸ்டிரோன்னு போட்டுருக்கு. சார் வரலயா?”

“எனக்குத்தான் தம்பி.”

“இது ஆம்பளையளுக்குப் பாக்குறதுக்கா.”

“பொம்பளைக்கும் பாக்கலாம். எடு.”

எடுத்தான். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே “சார் பேரு சைலப்பன்தான? பழைய நம்பர்லயே அனுப்பிருதேன்” என்றான். கணவர் பேர் போடுகிற கட்டத்துக்குக் கேட்கிறான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, சனி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் இவர் டெப்போவிலிருந்து பாதி வேலையில் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. போனை நீட்டினார். லேப் ரிப்போர்ட். ‘சைலப்பன், ஆண், வயது 35. டெஸ்டோஸ்டிரோன்: 9. இருக்க வேண்டியது: 300 முதல் 1000.’ ஒன்பதுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு, கீழ் நோக்கி.

தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 1. அந்த ஒன்பது என்னுடையது.

லேப் பையன் நம்பவில்லை. பொம்பளைக்கு எதற்கு அது என்று நினைத்து, நான் பேர் மாற்றிச் சொல்கிறேன் என்று முடிவு பண்ணி, திருத்தியே விட்டிருக்கிறான்.

“போன வாரம் எடுத்ததுல வந்துருக்குபோல” என்றார் இவர். “ஒன்பதுங்கான் செல்வி. முன்னூறு இருக்கணுமாம்.” அத்தை ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அத்தை அழுகிற அழுகையில் எங்கே பேசுவது?

பிப்ரவரி 5, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள், அலைச்சல்.

வீட்டில் நாட்டுக்கோழிச் சாறு. முருங்கைக்கீரை. பேரீச்சம்பழம். அத்தை தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அஞ்சு வருஷமாக “எம்மருமவளுக்கு ஒண்ணும் தங்கல” என்று கறிக்கடை வரைக்கும் சொல்லி வந்தவர். மகனுக்கு என்றதும் வாய் பூட்டிக்கொண்டது. “ஆம்பளைக்கு இப்படின்னா மனசு ஒடிஞ்சிரும்ட்டி. நீ பாத்து நடந்துக்கோ. மூஞ்சியத் தூக்காத” என்று என்னிடம் சொன்னார்.

ஆம்பளைக்கு மனசு ஒடியும். குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்க்கிறார். “எனக்கு ஒண்ணும் கொறைஞ்ச மாதிரி தெரியலயே செல்வி. அப்பம் அந்த நம்பர் எப்படி?” என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வந்தது என்று எழுதலாம்.

பாவமாகத்தான் இருக்கிறது.

முழுக்கப் பாவம் என்றும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 12, திங்கள்

அதே ஆஸ்பத்திரி. மேல் மாடியில் ஆண்களுக்குத் தனி டாக்டர், தனி அறை, கதவு சாத்தியிருக்கும். டோக்கன் கூப்பிட்டதும் இவர் “நீயும் வா” என்றார். நர்ஸ் கிடையாது. அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நிதானமாக, இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“இந்த நம்பர் நம்புற மாதிரி இல்ல, திரும்ப எடுத்துப் பாப்போம். அதுக்கு முன்ன சிலது கேக்கறேன், கூச்சப்படாதீங்க. ஆசை வருதா? முன்ன மாதிரி இருக்கா? எப்பலேருந்து கொறைஞ்சுது? இதனால ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் உண்டா? ஏதாவது மாத்திரை எடுத்துட்டிருந்தீங்களா?”

ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக ஒரு மனுஷன் வாயிலிருந்து இந்த அஞ்சு கேள்வி வராதா என்று ஏங்கியிருக்கிறேன். வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியைப் பார்த்து வந்தது.

இவர் தரையைப் பார்த்தபடி வாயைத் திறப்பதற்குள் என்னையறியாமல் எனக்கு அழுகை வந்தது.

“இல்ல டாக்டர்” என்றேன். “ஆசையே இல்ல. மூணு வருசமா இல்ல. முன்ன நல்லா இருந்துச்சு. மாத்திரை தின்னதுல போச்சு. நாலு வருசம் தின்னது.”

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மனசுதான் காரணம் என்று சொல்லவில்லை. “வீட்டம்மாவே சொல்றாங்க, அப்ப சரியாதான் இருக்கும்” என்றார் இவரிடம். “என்ன மாத்திரை சார் அது?”

ஒரு டாக்டர் நான் சொன்னதைக் கேட்டு, நம்பி, எழுதியும் விட்டார். பேர் மட்டும் சைலப்பன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “பேரு ஞாபகமில்ல, கொண்டாரேன்” என்று எழுந்து வெளியே போய்விட்டார். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 14, புதன்

ரெண்டு நாள் பேசாதவர் இன்று காலையில், டெப்போவுக்குக் கிளம்பும்போது கூடத்தில் நின்று வெடித்துவிட்டார்.

“எனக்கு இல்லன்னு ஒரு டாக்டர்ட்ட நீ எப்படிச் சொல்லலாம்? நான் எந்த மாத்திரைட்டி தின்னேன்?”

“எனக்கு இல்லன்னு சொன்னேன்.”

“என்னது?”

“ஒங்களுக்கு இல்லன்னு நான் சொல்லல. எனக்கு இல்லன்னேன். அந்த ஒன்பது என்னோடது. ரத்தம் குடுத்தது நான். லேபுக்காரன் ஒங்க பேரப் போட்டுட்டான்.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் முதலில் வந்தது கோபமில்லை. தோள் இறங்கி, பெரிய மூச்சு ஒன்று வந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு. அந்த மூச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“எம்மா!” என்று கூப்பிட்டார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அது இவ ரிப்போர்ட்டு. இவ நாலு வருசமா புள்ள உண்டாவாத மாத்திரை தின்னுருக்கா!”

அத்தை அப்போதுதான் வெந்நீர் தம்ளரோடும் இன்றைக்கு ஆரம்பிக்க வேண்டிய இரண்டாவது அட்டையோடும் அடுப்படியிலிருந்து வந்தார். “அடிப்பாவி! எம்புள்ளை வம்சத்த அழிக்கதுக்கா மாத்திரை தின்னே? எந்த மாத்திரைட்டி?”

“ஒங்க கையில இருக்குல்லா அத்தே, அதுதான்” என்றேன். “அம்மன் முன்னால வச்சுக் கும்புட்டு, வெந்நியோட குடுக்கியளே. அதேதான்.”

அத்தை கையைப் பார்த்தார். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். ஒரு வரி பாக்கி இருந்தது. ‘நான்தான் தின்னச் சொன்னேன்.’ நாலு சொல்கூட இல்லை. அதற்காக நின்றேன். பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போகும்வரை நின்றேன்.

“டெப்போவுக்கு லேட்டாவுது” என்று பைக் சாவியை எடுத்தார்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று இவர் லீவு போட்டுவிட்டு லேபுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். பேரை மாற்றி வாங்கி வந்தார். சாயங்காலம் தாளை என் முன்னால் வைத்தார். நான் கேட்ட தாள். என் பேர் போட்ட தாள்.

‘ஆவுடைச்செல்வி, பெண், வயது 31. டெஸ்டோஸ்டிரோன்: 9. இருக்க வேண்டியது: 8 முதல் 48.’

சிவப்பு அம்பைக் காணோம். பக்கத்தில் பேனாவால் ஒரு சொல் எழுதியிருந்தது: நார்மல்.

“பாத்தியா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னார். “நார்மல்னு போட்டுருக்கு. ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. அப்பம் நான் அன்னைக்கு சொன்னதுதான். ஒனக்கு என்னைப் பிடிக்கல.”

நாப்பத்தெட்டு வரைக்கும் இருக்கலாம், எனக்கு ஒன்பது, முன்னே எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் பார்த்து வைக்கவில்லை என்றேன். “எட்டுக்கு மேல இருக்குல்லா?” என்றார். அவர் பேரில் இருந்தபோது அந்த ஒன்பதுக்குக் கோழி அடித்துச் சாறு வைத்த வீடு இது. இன்று ரசம்.

டாக்டரிடம் காட்ட இவர் பேரில் அச்செடுத்த தாளையும் இந்தத் தாளையும் டைரியில் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ‘உங்கள் நாள் உங்கள் கையில்’ என்ற வரியை மறைத்துக்கொண்டு நன்றாக ஒட்டியிருக்கிறது.

கூடத்தில் அத்தை வடிவிடம் போனில் பேசுவது கேட்கிறது. என்னோடு நேற்றிலிருந்து பேச்சில்லை, ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

“அண்ணனுக்கு ஒண்ணும் இல்லட்டி, எல்லாம் நல்லாருக்கு... ஆமா, அவளுக்கும் பாத்தாச்சு. அவளுக்கும் ஒண்ணும் இல்லயாம்.”

சரிதான். முதல் நாளே டாக்டரிடம் நான் அதைத்தான் சொன்னேன்.